இப்போது என்ன கேட்கிறீர்கள்? திரைப்பட இசை ஆல்பங்களை வாங்கி, கேட்டு, குறிப்பெழுதிப் பகிர விரும்பும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திரைப்படப் பின்னணி இசையை ஆல்பமாகக் கேட்கும் ரசிகர்கள் சந்தித்துக்கொண்டால், முதலில் எழும் கேள்வி "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்பதுதான். படத்தின் பெயரையும் இசையமைப்பாளரின் பெயரையும் சொல்லிவிட்டால் பதில் முடிந்தது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஏழாவது ட்ராக்கில் செல்லோ தனியாக நுழையும் இடத்தைச் சிலாகித்து நான் எழுத, தம்முடைய தட்டில் ஏழாவது ட்ராக் முழுக்க முரசொலிதான் என்று நண்பர் பதில் எழுத, இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகே நாங்கள் ஒரே படத்தின் இரு வேறு பதிப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. அதற்கு முன்பே தவறான தட்டுகளை முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். சுங்கத்தில் ஒரு பொட்டலத்தை வாரக்கணக்கில் தேங்கவிட்டிருக்கிறேன். நீங்கள் அந்த வழியாக வர வேண்டியதில்லை. கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள்.

1. ஒரே படத்தின் பெயரில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்

ஒரு படத்துக்கு ஒரே ஓர் ஆல்பம்தான் இருக்கும் என்று எண்ணுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம். பாடல் ஆல்பமும் பின்னணி இசை ஆல்பமும் தனித்தனியாக வருவது சாதாரணம். 1989-இல் வந்த 'பேட்மேன்' படத்துக்கு அந்த ஆண்டே இரண்டு ஆல்பங்கள் வெளியாயின. ஒன்று பிரின்ஸின் பாடல்கள், மற்றொன்று டேனி எல்ஃப்மனின் பின்னணி இசை. இரண்டின் முகப்பிலும் அதே படத்தின் பெயர் இருப்பதால், அவசரத்தில் மாற்றி வாங்குவது மிக எளிது.

பின்னணி இசை என்று உறுதியான பிறகும் வேலை முடிவதில்லை. இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடமே கொள்ளும் என்பதால், இசையமைப்பாளரே சிறந்த பகுதிகளைத் தேர்ந்து, கேட்பதற்கு ஏற்ற வரிசையில் அடுக்கி ஆல்பத்தைத் தயாரித்தார். பிற்காலத்தில் அதே இசையை ஏறக்குறைய முழுமையாக, படத்தில் வரும் வரிசையிலேயே வெளியிடும் விரிவுபடுத்தப்பட்ட பதிப்புகள் வந்தன. 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு 1977-இல் வந்த இரட்டை இசைத்தட்டில் அதன் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் வைத்த வரிசை படத்தின் வரிசை அல்ல. 1997-இல் வந்த இரண்டு சிடி பதிப்போ படத்தின் வரிசையைப் பின்பற்றுகிறது. "ஐந்தாவது ட்ராக் அபாரம்" என்று ஒருவர் எழுதினால், எந்தப் பதிப்பின் ஐந்தாவது என்று தெரியாமல் அந்த வாக்கியத்தால் யாருக்கும் பயனில்லை.

அடுத்து வருவது ஒரு சொல் வைக்கும் பொறி. நம் திரையுலக வழக்கில் 'ரீரெக்கார்டிங்' என்றால் படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் வேலை. ஆல்பம் வெளியிடுவோர் வழக்கில் அதே சொல்லுக்கு, ஏற்கெனவே படத்துக்காக வாசிக்கப்பட்ட இசையை வேறொரு நாளில், பெரும்பாலும் வேறோர் இசைக்குழுவைக் கொண்டு, மீண்டும் வாசித்துப் பதிவது என்று பொருள். பின்னுறையில் அந்தச் சொல்லைக் கண்டதும் "ஆஹா, படத்தின் ஆர்.ஆர். முழுவதும் இருக்கிறது" என்று மகிழ்ந்து நான் வாங்கிய தட்டில், படத்தில் கேட்ட ஒரு நொடி ஒலிகூட இல்லை. குழப்பம் வராமலிருக்க, இந்தக் கட்டுரையில் அதை மறுபதிவு என்றே குறிப்பிடுகிறேன்.

மறுபதிவு என்றால் மட்டம் என்று பொருளல்ல. 'ஜாஸ்' படத்துக்கு 1975-இல் வெளியான ஆல்பமே, ஆல்பத்துக்கென்று தனியாகப் பதியப்பட்டதுதான். படத்துக்காகப் பதிந்த ஒலியையும் அந்த ஆல்பத்தையும் சேர்த்து இன்ட்ராடா நிறுவனம் 2015-இல் இரண்டு சிடிகளாக வெளியிட்டது. 'பிளேடு ரன்னர்' இன்னும் சிக்கலானது. படம் வந்த 1982-இல் கடைக்கு வந்தது வேறோர் இசைக்குழு வாசித்த மறுபதிவு. படத்துக்கு இசையமைத்த வாஞ்செலிஸின் சொந்த ஆல்பம் வெளிவர 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பயன்படுத்தப்படாமல் போன இசையும் உண்டு. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசை படத்தில் இடம்பெறவே இல்லை; ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்திய அதன் மறுபதிவு 1993-இலும், நார்த் காலத்து மூல ஒலிப்பதிவு 2007-இலும் வெளியாயின. ஆக, அந்தப் படத்தின் பெயரைத் தேடினால், படத்தில் ஒலித்த செவ்வியல் இசைத் தொகுப்பு உட்பட மூன்று வெவ்வேறு பொருள்கள் உங்கள் முன் வந்து நிற்கும்.

வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பாடலா, பின்னணி இசையா? படத்தின் ஒலிப்பதிவா, மறுபதிவா? தேர்ந்தெடுத்த ஆல்ப வடிவமா, விரிவுபடுத்தப்பட்டதா? படத்தில் பயன்பட்டதா, கைவிடப்பட்டதா?

2. பின்னுறையையும் சிறுநூலையும் ஆவணமாகப் படியுங்கள்

மேற்சொன்ன கேள்விகளுக்கான விடை முகப்பில் இருக்காது. பின்னுறையைப் புரட்டுங்கள். வட்டத்துக்குள் 'பி' எழுத்து இருக்கும் ஆண்டு, ஒலிப்பதிவின் உரிமைக்கு உரியது. வட்டத்துக்குள் 'சி' எழுத்து இருக்கும் ஆண்டு, உறை, எழுத்து, வடிவமைப்பு ஆகியவற்றின் உரிமைக்கு உரியது. பழைய படம் ஒன்றின் ஆல்பத்தில் 'பி' ஆண்டு படத்தின் ஆண்டோடு ஒத்துப்போகாமல் பல ஆண்டுகள் தள்ளியிருந்தால், அது மறுபதிவாக இருக்கலாம், அல்லது முன்பு வெளிவராத மூலப்பதிவு முதன்முறையாக வெளியாகியிருக்கலாம். எது என்பதைத் தட்டோடு வரும் சிறுநூலில் உள்ள இசைக்குழுவின் பெயர், ஒலிப்பதிவுக் கூடம், பதிவு நாள் ஆகிய மூன்றையும் பார்த்தே முடிவுசெய்ய முடியும். பதிவு நாள் படம் வெளியான நாளுக்குப் பிந்தியதென்றால் அது மறுபதிவுதான், சந்தேகமே வேண்டாம்.

முதுகுப்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் வெளியீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றிலும் குழப்பம் வந்தாலும், அந்த எண்ணை வைத்து நீங்கள் எந்தப் பதிப்பைச் சொல்கிறீர்கள் என்பதை மற்றொருவர் கண்டுகொள்ள முடியும்.

சிறுநூலின் ட்ராக் பட்டியலில் சில வேளைகளில் '3எம்2' போன்ற குறியீடு இருக்கும். படச்சுருளில் மூன்றாவது ரீலின் இரண்டாவது இசைப்பகுதி என்று பொருள். ரசிகர்கள் 'கியூ' என்று சொல்வது இந்த இசைப்பகுதியைத்தான். ட்ராக்கும் கியூவும் ஒன்றல்ல; இரண்டு மூன்று கியூக்களை ஒட்டி ஒரே ட்ராக்காக ஆக்குவது ஆல்பத் தயாரிப்பில் வழக்கம். எனவே ஓர் இடத்தைச் சுட்டும்போது கியூ எண் கிடைத்தால் அதைச் சொல்வதே பாதுகாப்பு.

கையில் பழைய பிரதி கிடைத்தால், தட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆலையில் அச்சிட்டது பொதுவாக வெள்ளியாகப் பளபளக்கும். கணினியில் எழுதியது நீலமோ பச்சையோ கலந்து தெரியும். முறையான நிறுவனங்களும் சில வேளைகளில் எழுதிய தட்டுகளை விற்றதுண்டு என்பதால், நிறத்தை மட்டும் வைத்துக் கள்ளப்பதிப்பு என்று தீர்ப்பளிக்க வேண்டாம். ஆனால் நிறுவனத்தின் பெயரும் வெளியீட்டு எண்ணும் உரிமைக் குறிப்பும் இல்லாமல், "முழுமையான இசை" என்ற வாசகம் மட்டும் பெரிதாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அப்படி ஒன்றை வாங்கிவந்து கேட்டபோது, உச்சக்கட்ட இசைக்கு நடுவே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படத்தின் ஒலித்தடத்திலிருந்தே உருவி எடுத்திருந்தார்கள்.

3. தட்டின் விலையை அல்ல, வந்துசேரும் செலவைக் கணக்கிடுங்கள்

இத்துறையில் விரிவுபடுத்தப்பட்ட பதிப்புகளை வெளியிடும் இன்ட்ராடா, லா-லா லேண்ட், வரேஸ் சரபாண்ட், குவார்ட்டெட் போன்ற நிறுவனங்கள் ஒன்றிரண்டு நாடுகளிலேயே இருக்கின்றன. ஆகவே நம்மில் பலருக்குத் தட்டு என்பது கடல் கடந்து வரும் பொருள். தட்டின் விலையோடு அனுப்பும் கட்டணம், இறக்குமதி வரி, அதை வசூலித்துக் கொடுப்பதற்காக அஞ்சலோ கூரியரோ போடும் கையாளும் கட்டணம், வெளிநாட்டுப் பணத்தில் செலுத்துவதற்கு வங்கி பிடிக்கும் தொகை ஆகிய நான்கையும் கூட்டுங்கள். ஒரே தட்டை வரவழைத்தால் அனுப்பும் கட்டணமே தட்டின் விலையை நெருங்கிவிடுவதுண்டு. மூன்று நான்காகச் சேர்த்து வாங்கினால் தட்டு ஒன்றுக்கான சுமை குறையும். ஆனால் உங்கள் நாட்டில் வரியில்லாமல் வரக்கூடிய மதிப்புக்கு ஓர் எல்லை இருந்தால், சேர்த்து வாங்கியதாலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடவும் கூடும். இரண்டு வகையிலும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

விலைப்பட்டியல், பணம் செலுத்தியதற்கான சான்று, ஆர்டர் உறுதி மின்னஞ்சல் ஆகியவற்றை வாங்கிய அன்றே அச்செடுத்து வையுங்கள். மதிப்பு தெளிவாக எழுதப்படாத பொட்டலம் ஒன்று சுங்கத்தில் நின்றபோது, விற்றவரிடம் விலைப்பட்டியலைக் கேட்டுப் பெறவே எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் இருப்புக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. இரண்டு தட்டு, சிறுநூல் எல்லாம் சேர்ந்து அதற்குப் பிறகு எவ்வளவு ஆயிற்று என்பதை வீட்டில் நான் இன்னும் சொல்லவில்லை.

பிளாஸ்டிக் உறை வழியில் உடைவது மிகச் சாதாரணம். உறை எங்கும் கிடைக்கும் பொருள் என்பதால் அதற்காகத் திருப்பி அனுப்பிச் செலவை இரட்டிப்பாக்க வேண்டாம். தட்டில் கீறல் இருந்தால் மட்டும், பொட்டலத்தைப் பிரிக்கும்போதே படமெடுத்து, விற்றவருக்கு உடனே எழுதுங்கள்.

டிஜிட்டலாக வாங்கினால் இந்தச் செலவுகள் இல்லை. ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) கோப்பு வடிவில் கிடைக்கிறதா, சிறுநூலும் கோப்பாகத் தரப்படுகிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பல விரிவுபடுத்தப்பட்ட பதிப்புகள், உரிமை காரணமாகத் தட்டாக மட்டுமே கிடைக்கும். சந்தா செலுத்திக் கேட்கும் செயலிகளில் அதே பெயரில் இருப்பது பழைய குறுகிய ஆல்பமாக இருக்கும். கால அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: மொத்தம் முப்பது, நாற்பது நிமிடம் என்றால் அது பெரும்பாலும் முழு இசை அல்ல. படத்துக்காகப் பதிந்ததை ஆல்பமாக்கும்போது வாத்தியக் கலைஞர்களுக்கு மறுபயன்பாட்டுக் கட்டணம் தர வேண்டியிருந்ததால், 1980-களிலும் 90-களிலும் அமெரிக்காவில் பதிந்த பல ஆல்பங்கள் அரைமணி நேரத்தில் நின்றுவிட்டன.

4. எப்போது வாங்குவது, எப்போது பொறுப்பது

விரிவுபடுத்தப்பட்ட பதிப்புகள் பெரும்பாலும் 1,000 முதல் 5,000 பிரதிகள் வரை மட்டுமே அச்சிடப்படுகின்றன. அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையில் சில நாள்தான் இருக்கும். புகழ்பெற்ற படமென்றால் வேகமாகத் தீர்ந்துவிடும். ஆனால் வரையறுக்கப்பட்ட பதிப்பு என்ற சொல்லைக் கண்டதும் பதறுவதும் பிழை. 3,000 பிரதிகள் அச்சிட்டு ஆண்டுக்கணக்கில் கிடங்கில் இருப்பவையும் ஏராளம். இசையமைப்பாளரின் புகழ், படத்தின் புகழ், பிரதிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். மூன்றும் உங்களுக்கு எதிராக இருந்தால் மட்டும் அன்றே வாங்குங்கள்.

தீர்ந்துபோனதை இரண்டாம் கையாக வாங்குவதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். நான்கு மடங்கு கொடுத்து ஒரு தட்டை வாங்கிய ஆறாவது வாரத்தில், அதே இசை கூடுதல் ட்ராக்குகளோடும் மேம்பட்ட ஒலியோடும் மறுபடி வெளியானது. ஒரு தலைப்பு தீர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தாலோ, படத்தின் இருபத்தைந்தாவது, ஐம்பதாவது ஆண்டு நெருங்கினாலோ பொறுத்திருங்கள்.

புதிய படங்களுக்கு வேறோர் எச்சரிக்கை உண்டு. ஆல்பம் படத்துக்கு முன்பே வந்துவிடலாம். ட்ராக் தலைப்புகள் கதையைச் சொல்லிவிடும். 1999-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படத்தின் ஆல்பம், படத்துக்கு இரண்டு வாரம் முன்பே கடைக்கு வந்தது. அதன் பின்னுறையைப் படித்தவர்களுக்கு முக்கியப் பாத்திரம் ஒன்றின் முடிவு திரையரங்குக்குப் போகும் முன்பே தெரிந்துவிட்டது.

5. கோப்புகளுக்குப் பெயரிடும் வேலையை அன்றே முடியுங்கள்

சிடியைக் கணினியில் ஏற்றும்போது இணையத்திலிருந்து தானாக வரும் விவரங்களை நம்ப வேண்டாம். கலைஞர் என்ற இடத்தில் ஒரு தட்டுக்கு இசைக்குழுவின் பெயரும், மற்றொன்றுக்கு நடத்துநரின் பெயரும், இன்னொன்றுக்குப் 'பலர்' என்பதும் வந்து உட்கார்ந்துவிடும். ஆல்பம் கலைஞர் என்ற இடத்தில் எப்போதும் இசையமைப்பாளரின் பெயரையே இடுங்கள். ஆல்பத் தலைப்பில் படத்தின் பெயர், படத்தின் ஆண்டு, பதிப்பின் ஆண்டு, வெளியிட்ட நிறுவனம் ஆகியவற்றைச் சேருங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டால், 'டைட்டில்ஸ்' என்ற பெயரில் நாற்பது கோப்புகள் சேர்ந்துவிடும்.

6. கேட்கும் கருவியில் இரண்டு வசதிகளை அணையுங்கள்

முதலாவது, ட்ராக்குகளைக் கலைத்துப் போடும் வசதி. இரண்டாவது, எல்லா ட்ராக்குகளையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி. இதுதான் அதிகம் கெடுக்கிறது. வெறும் ஹார்ப்பும் ஒரு புல்லாங்குழலும் ஒலிக்கும் கியூவையும் முழு இசைக்குழுவும் பித்தளைக் கருவிகளும் எழும் கியூவையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டால், இசையமைப்பாளர் கட்டிய மேடுபள்ளம் முழுவதும் தரைமட்டமாகிவிடும். ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவு என்ற தேர்வு இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். ட்ராக்குகளுக்கிடையே இடைவெளி விழாத வசதியை மட்டும் இயக்கி வையுங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பதா, பார்க்காமல் கேட்பதா என்பதில் ரசிகர்கள் ஒருமனதாக இல்லை. முதல் முறை பார்க்காமலேயே கேட்டுக் குறிப்பெழுதி, பிறகு படத்தைப் பார்த்து, மீண்டும் கேட்பது என் வழக்கம். துரத்தல் என்று நான் எழுதிய கியூ ஒன்று, படத்தில் ஒரு கல்யாண ஏற்பாட்டுக் காட்சிக்கு உரியதாக இருந்தது.

7. குறிப்பு எழுதுங்கள்

"நேற்று கேட்டேன், அருமை" என்பது குறிப்பு அல்ல. நான் இப்போது பின்பற்றும் வடிவத்தை ஓர் எடுத்துக்காட்டோடு தருகிறேன்:

"பெர்னார்ட் ஹெர்மன், 'சைக்கோ', படம் 1960. நான் கேட்டது 1975 மறுபதிவு, நேஷனல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, நடத்தியவர் ஹெர்மனே, யூனிகார்ன் வெளியீடு. நரம்புக் கருவிகள் மட்டும். காற்றுக் கருவியோ தாளக் கருவியோ ஒன்றுகூட இல்லை. குளியலறைக் கொலைக்கான கியூவில் வயலின்கள் உச்சியில் ஒரே ஸ்வரத்தை வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்க, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகக் கீழ்நோக்கி அடுக்கிக்கொண்டே வந்து சேர்கின்றன. படத்தில் உள்ளதைவிட மறுபதிவின் நடை மெதுவானது. அச்சத்தை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறலாம். இசை எழுத்தின் கட்டமைப்பைக் கேட்க விரும்புபவருக்கு இது உதவும்."

இதில் மதிப்பெண் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்துக்கு நான்கு என்று போட்டால், படிப்பவருக்கு அந்தத் தட்டு பொருந்துமா என்பது தெரியாது. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற கடைசி வாக்கியமே பகிர்வின் பயன். இசைச் சொற்கள் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். எந்தக் கருவி, எந்த நிமிடத்தில், முன்பு கேட்ட மெட்டு திரும்பி வருகிறதா என்ற மூன்றும் போதும். நிமிடமும் நொடியும் எழுதும்போது, பதிப்பைப் பொறுத்து அவை மாறும் என்பதால் வெளியீட்டு எண்ணைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒரு ஆல்பத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் குறிப்புக்குச் செலவிட வேண்டாம். ஒரு மணி நேரம் எழுதத் தொடங்கிய இரண்டாவது வாரமே நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்ட பிறகே தொடர முடிந்தது.

8. பகிரும்போது தவிர்க்க வேண்டியவை

கதையின் முடிவைச் சொல்லும் ட்ராக் தலைப்பை எழுதாமல், அதன் எண்ணை மட்டும் தாருங்கள். கேட்பவர் கோப்பை அனுப்பச் சொன்னால், வாங்கும் இடத்தைச் சொல்லுங்கள். 1,000 பிரதி விற்றால்தான் அடுத்த தட்டு வரும் என்ற நிலையில் இருக்கும் சிறு நிறுவனங்கள் இவை. மறுபதிவைப் பற்றி எழுதினால் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

பதிப்பைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டீர்கள் என்று யாராவது சுட்டினால், பழைய குறிப்பை அழிக்காமல், கீழே தேதியிட்டுத் திருத்தம் சேருங்கள். அதை நம்பி ஏற்கெனவே வாங்கியவர் இருக்கக்கூடும். தம் கையில் இருப்பது என்னவென்று அவருக்கும் தெரிய வேண்டும்.